மல்டிபாத் டிஸ்க்குகளும் வால்யூம் குரூப்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சான் ஸ்டோரேஜில் (பல சர்வர்கள் தனி நெட்வொர்க் வழியாகப் பகிரும் ஸ்டோரேஜ்) இருந்து டிஸ்க் வாங்கி ஓடும் யூனிக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் பெரும்பாலும் லினக்ஸை வைத்தே இருக்கும். ஏஐஎக்ஸ், எச்பி-யுஎக்ஸ் இரண்டும் வேறுபடும் இடங்களில் அவற்றையும் சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு டிஸ்க்தான் கேட்டேன். சர்வரில் நான்கு தெரிகிறதே?

நான்கும் ஒரே டிஸ்க்தான். சர்வரில் இரண்டு எச்பிஏ (சானோடு இணைக்கும் அட்டை) போர்ட் இருந்து, ஒவ்வொன்றும் ஸ்டோரேஜில் இரண்டு போர்ட்டுகளைப் பார்க்கும்படி சுவிட்சில் ஜோனிங் (எது எதைப் பார்க்கலாம் என்ற அமைப்பு) செய்திருந்தால் 2 × 2 = 4 பாதைகள். லினக்ஸ் கெர்னல் ஒவ்வொரு பாதையையும் தனி டிஸ்க்காக எண்ணி எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி, எஸ்டிஇ என்று பெயர் வைத்துவிடும். இவற்றை ஒன்றாகக் கட்டி ஒரே சாதனமாகக் காட்டுவதுதான் மல்டிபாத்தின் வேலை.

நான்கும் ஒன்று என்று அதற்கு எப்படித் தெரியும்? ஸ்டோரேஜ் சர்வருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு டிஸ்க்குக்கும், அதாவது லன்னுக்கும், டபிள்யூடபிள்யூஐடி என்ற எண் உண்டு. எந்தப் பாதை வழியாகக் கேட்டாலும் அதே எண்தான் பதிலாக வரும். லினக்ஸில் இது பெரும்பாலும் 36 என்று தொடங்கும், 33 இலக்கம் கொண்ட ஹெக்ஸ் எண். முதலில் வரும் 3, அடையாளத்தின் வகையைச் சொல்கிறது. மீதி 32 இலக்கம்தான் ஸ்டோரேஜ் கொடுத்தது. ஸ்டோரேஜ் குழுவிடம் எண்ணைச் சொல்லும்போது அந்த முதல் 3-ஐ விட்டுவிட்டுச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் "அப்படி ஒரு லன் எங்களிடம் இல்லையே" என்று பதில் வரும், அரை நாள் போகும்.

எந்தப் பெயரை நம்பி வேலை செய்வது?

எஸ்டிபி போன்ற பெயர்களை நம்பவே கூடாது. கண்டுபிடித்த வரிசையில் கொடுக்கப்படும் பெயர்கள் அவை; அடுத்த ரீபூட்டில் எஸ்டிபி வேறு லன்னாக இருக்கலாம். டிஎம்-2, டிஎம்-3 என்று வருபவையும் அப்படித்தான், அவை கெர்னலின் உள் பயன்பாட்டுக்கு. '/டெவ்/மேப்பர்' அடைவில் உள்ள பெயரைப் பயன்படுத்துங்கள்.

அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'யூசர்_ஃப்ரெண்ட்லி_நேம்ஸ்' அமைப்பை 'யெஸ்' என்று வைத்தால் எம்பாத்ஏ, எம்பாத்பி என்று படிக்க எளிதான பெயர் வரும். எந்த டபிள்யூடபிள்யூஐடிக்கு எந்தப் பெயர் என்பது '/ஈடிசி/மல்டிபாத்/பைண்டிங்ஸ்' கோப்பில் பதிவாகும். ஆனால் அந்தப் பதிவு அந்த ஒரு சர்வருக்கு மட்டும்தான். கிளஸ்டரில் முதல் நோடின் எம்பாத்சி, இரண்டாவது நோடில் எம்பாத்எஃப் ஆக இருக்கலாம். இரண்டு நோடுகளுக்கும் பொதுவான டிஸ்க்கில் எம்பாத் பெயரை வைத்து ஒருவரோடு ஒருவர் போனில் பேசிக்கொண்டு வேலை செய்வது பெரும் ஆபத்து. 'மல்டிபாத்.கான்ஃப்' கோப்பில் ஒவ்வொரு டபிள்யூடபிள்யூஐடிக்கும் 'அலையஸ்' எழுதி அதே கோப்பை எல்லா நோடுகளிலும் வையுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு முறை செய்தால் போதும்.

'மல்டிபாத் -எல்எல்' வெளியீட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

முதல் வரியில் பெயர், டபிள்யூடபிள்யூஐடி, டிஎம் எண், ஸ்டோரேஜ் மாடல். இரண்டாவது வரியில் அளவும் 'ஃபீச்சர்ஸ்' பகுதியும். அதில் 'க்யூ_இஃப்_நோ_பாத்' என்று இருந்தால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அதைப் பற்றித் தனியாகவே ஒரு கேள்வி வருகிறது.

அதற்குக் கீழே பாதைக் குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு 'பிரையோ' மதிப்பு. ஆலுவா முறையில் இயங்கும் ஸ்டோரேஜ் என்றால், லன்னுக்கு உரிய கன்ட்ரோலர் வழியாகப் போகும் பாதைகள் 50, மற்ற கன்ட்ரோலர் வழியாகச் சுற்றிப் போகும் பாதைகள் 10. சாதாரண நேரத்தில் 50 உள்ள குழு 'ஆக்டிவ்', 10 உள்ள குழு 'எனேபிள்ட்' என்று தெரிய வேண்டும். தலைகீழாக இருந்தால் ஏதோ நடந்திருக்கிறது: நல்ல பாதைகள் விழுந்திருக்கலாம், அல்லது 'ஃபெயில்பேக்' அமைப்பு 'மேனுவல்' என்று இருப்பதால், அவை திரும்பி வந்த பிறகும் வேலை பழைய குழுவுக்கு மாறாமல் இருக்கலாம்.

ஒவ்வொரு பாதையின் முடிவிலும் மூன்று சொற்கள் வரும். 'ஆக்டிவ் ரெடி ரன்னிங்' என்றால் நலம். முதல் சொல் டிவைஸ் மேப்பரின் கருத்து, இரண்டாவது பின்னணியில் ஓடும் மல்டிபாத்டி சோதித்துப் பார்த்த முடிவு, மூன்றாவது கெர்னலின் ஸ்கஸி அடுக்கு சொல்வது. மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் தகராறு எந்த அடுக்கில் என்று அங்கேயே தெரிந்துவிடும். 'கோஸ்ட்' என்று வந்தால் பயப்பட வேண்டாம். ஒரு கன்ட்ரோலர் மட்டும் வேலை செய்து மற்றது காத்திருக்கும் ஸ்டோரேஜில், காத்திருக்கும் பக்கத்துப் பாதைகள் அப்படித்தான் தெரியும்.

இதையெல்லாம் விட முக்கியம் எண்ணிக்கை. நான்கு பாதை வர வேண்டிய இடத்தில் மூன்று வந்தால் வெளியீடு முழுக்கப் பச்சையாகத்தான் தெரியும், ஏனென்றால் ஸ்கேனில் சிக்காத பாதை பட்டியலிலேயே இருக்காது. ஒவ்வொரு சர்வருக்கும் எத்தனை பாதை இருக்க வேண்டும் என்று எழுதி வைத்து, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

'பிவிஎஸ்' ஓட்டினால் டூப்ளிகேட் பிவி என்று எச்சரிக்கை வருகிறது. விட்டுவிடலாமா?

கூடாது. எல்விஎம் என்பது டிஸ்க்குகளைச் சேர்த்து வால்யூம் குரூப் ஆக்கி, அதிலிருந்து லாஜிகல் வால்யூம்களைப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள். தன் டிஸ்க்குகளை, அதாவது பிவிகளை, அவற்றின் தலைப்பில் எழுதியிருக்கும் யுயுஐடி என்ற தனி அடையாள எண்ணை வைத்துத்தான் அது அடையாளம் காண்கிறது. எம்பாத்ஏ-வைப் படித்தாலும், அதன் அடியில் இருக்கும் எஸ்டிபி, எஸ்டிசியைப் படித்தாலும் அதே யுயுஐடி கிடைக்கிறது. எல்லாவற்றையும் பார்த்தால் ஒரே பிவி பல இடத்தில் இருப்பதாக அதற்குத் தோன்றும்.

இப்போதைய எல்விஎம்மில் 'மல்டிபாத்_காம்போனன்ட்_டிடெக்ஷன்' என்ற அமைப்பு இயல்பாகவே இயங்குகிறது. மல்டிபாத்தின் உறுப்பாக இருக்கும் எஸ்டி சாதனங்களை அது தானாகவே ஒதுக்கிவிடும். ஆனாலும் பூட் நேரத்தில் மல்டிபாத் எழுவதற்கு முன்பே எல்விஎம் எழுந்துவிட்டால், வால்யூம் குரூப் ஒற்றைப் பாதையான எஸ்டிபி மேல் உட்கார்ந்துகொள்ளும். எல்லாம் ஓடுவது போலவே இருக்கும். அந்த ஒரு கேபிள் போகும் நாளில்தான், மற்ற மூன்று பாதையும் நன்றாக இருக்க, சர்வர் விழும். 'எல்எஸ்பிஎல்கே' ஓட்டிப் பாருங்கள்: லாஜிகல் வால்யூம் எம்பாத் பெயருக்குக் கீழே தொங்க வேண்டும், நேராக எஸ்டி பெயருக்குக் கீழே அல்ல.

சரிசெய்ய இரண்டு வழி. பழைய வழி 'எல்விஎம்.கான்ஃப்' கோப்பில் ஃபில்டர் எழுதுவது: எம்பாத் சாதனங்களை ஏற்றுக்கொள், உள் டிஸ்க்கை ஏற்றுக்கொள், மற்றதெல்லாம் வேண்டாம். பட்டியலில் முதலில் பொருந்தும் விதிதான் செல்லும் என்பதால் வரிசை முக்கியம். 'மற்றதெல்லாம் வேண்டாம்' என்ற விதியை எழுதும் அவசரத்தில் ரூட் வால்யூம் குரூப் இருக்கும் உள் டிஸ்க்கை ஏற்கும் விதியை விட்டுவிட்டால் அடுத்த பூட்டில் சர்வர் எழாது. மாற்றிய பிறகு இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (பூட்டின் தொடக்கத்தில் ஏற்றப்படும் சிறு ஃபைல் சிஸ்டம்) புதிதாகக் கட்ட வேண்டும். ரெட் ஹேட் வகையில் 'டிராகட் -எஃப்', டெபியன் வகையில் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு'. பூட்டின் தொடக்கத்தில் படிக்கப்படுவது இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் நகல்தான்.

புதிய வழி டிவைஸஸ் கோப்பு. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9-இல் இது இயல்பாகவே உண்டு. எந்தெந்த டிஸ்க்கை எல்விஎம் பார்க்கலாம் என்ற பட்டியல் '/ஈடிசி/எல்விஎம்/டிவைஸஸ்' அடைவில் இருக்கும், அதுவும் நிலையான அடையாள எண்ணுடன். எனக்கு ஃபில்டரை விட இதுதான் பிடித்திருக்கிறது. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: வேறு சர்வரில் உருவாக்கிய வால்யூம் குரூப்பைக் கொண்டுவந்து மாட்டினால், 'மல்டிபாத் -எல்எல்' டிஸ்க்கைக் காட்டும், 'பிவிஎஸ்' காட்டாது. டேட்டா போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பட்டியலில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். 'எல்விஎம்டிவைஸஸ்' அல்லது 'விஜிஇம்போர்ட்டிவைஸஸ்' கட்டளையால் சேர்த்துவிடலாம்.

உள் டிஸ்க்கும் எம்பாத் ஆகிவிட்டது. தொல்லை உண்டா?

ஓடுவதற்குத் தொல்லை இல்லை, குழப்பத்துக்குத்தான் வழி. 'ஃபைண்ட்_மல்டிபாத்ஸ்' அமைப்பை 'யெஸ்' என்று வைத்தால் குறைந்தது இரண்டு பாதை உள்ளவை மட்டுமே, அல்லது முன்பே பதிவானவை மட்டுமே, மல்டிபாத் ஆகும். பிளாக்லிஸ்ட் எழுதுவதானால் டபிள்யூடபிள்யூஐடியை வைத்து எழுதுங்கள். எஸ்டிஏ என்ற பெயரை வைத்து எழுதினால் அந்தப் பெயர் என்றாவது சான் டிஸ்க்குக்குப் போய்விடும்.

எல்லாப் பாதையும் ஒரே நேரத்தில் போனால் என்ன ஆகும்?

அது 'நோ_பாத்_ரீட்ரை' அமைப்பைப் பொறுத்தது. இந்த ஒரு வரியை முடிவு செய்யாமல் உற்பத்திச் சர்வரை ஒப்படைப்பவர்கள்தான் அதிகம்.

'ஃபெயில்' என்று வைத்தால் கடைசிப் பாதை விழுந்ததும் பிழை மேலே போகும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் ஃபைல் சிஸ்டம் தன்னை மூடிக்கொள்ளும். ஈஎக்ஸ்டி4 என்றால் அமைப்பைப் பொறுத்து வாசிக்க மட்டும் என்ற நிலைக்குப் போகலாம். 'க்யூ' என்று வைத்தால் பாதை திரும்பும் வரை எல்லா ஐ/ஓவும் வரிசையில் காத்திருக்கும். ஸ்டோரேஜ் அரை நிமிடம் விட்டுவிட்டு வந்தால் அப்ளிகேஷனுக்குத் தெரியவே தெரியாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்டோரேஜ் திரும்பவே இல்லை என்றால்? ப்ராசஸ்கள் எல்லாம் 'டி' நிலையில் (ஐ/ஓவுக்காகக் காத்து உறைந்த நிலை) மாட்டிக்கொள்ளும், கில் கொடுத்தாலும் சாகாது, அன்மவுண்ட் தொங்கும், முறைப்படி ஷட்டவுன் கூட நடக்காமல் போகலாம். கிளஸ்டரில் இன்னும் மோசம்: நோடு செத்தும் சாகாமல் இருப்பதால் மற்ற நோடு பொறுப்பை எடுத்துக்கொள்ளத் தாமதமாகும்.

மூன்றாவது வழி எண் கொடுப்பது. 'நோ_பாத்_ரீட்ரை' 12, சோதனை இடைவெளி 5 வினாடி என்றால் சுமார் 60 வினாடி வரிசையில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு பிழை கொடுக்கும். தனிச் சர்வருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். கிளஸ்டர் என்றால் கிளஸ்டர் மென்பொருளின் டைம்அவுட்டை விடக் குறைவாக வரும்படி எண்ணைத் தேர்ந்தெடுங்கள். சான் வழியாகவே பூட் ஆகும் சர்வரில் ரூட் டிஸ்க்குக்குத் தனியாக முடிவு செய்யலாம். ரூட் டிஸ்க் பிழை கொடுத்தால் லாக் எழுதக்கூட இடமிருக்காது.

ஏற்கெனவே 'க்யூ'வில் மாட்டிக்கொண்டு தவிப்பவர்களுக்கு: 'மல்டிபாத்டி டிசேபிள்க்யூயிங் மேப்' என்று சொல்லி மேப்பின் பெயரைக் கொடுத்தால் வரிசையில் நிற்பவை பிழையோடு வெளியே வரும். ரீபூட்டுக்கு முன் இதை முயன்று பாருங்கள்.

ஒரு பாதை விழுந்தபோது அப்ளிகேஷன் அரை நிமிடத்துக்கு மேல் நின்றது. மல்டிபாத் இருந்துமா?

இருந்தும்தான். மல்டிபாத் அடுத்த பாதைக்கு மாற வேண்டுமானால், போன பாதையில் அனுப்பிய ஐ/ஓ முதலில் தோல்வி என்று திரும்பி வர வேண்டும். கீழ் அடுக்கு எவ்வளவு நேரம் பிடித்து வைத்துக்கொள்கிறதோ அவ்வளவு நேரம் தாமதம். ஃபைபர் சேனலில் 'ஃபாஸ்ட்_ஐஓ_ஃபெயில்_டிஎம்ஓ' இதைக் கட்டுப்படுத்தும். 5 வினாடி சரியான அளவு. ஐஸ்கஸியில் 'ரீப்ளேஸ்மென்ட்_டைம்அவுட்' இயல்பாக 120 வினாடி. ஒற்றைப் பாதைக்கு அது நியாயம், மல்டிபாத் இருக்கும்போது 5 போன்ற சிறிய எண் போதும். ஏஐஎக்ஸில் எஃப்எஸ்கஸி சாதனத்தில் 'எஃப்சி_எர்_ரெகவ்' என்பதை 'ஃபாஸ்ட்_ஃபெயில்' என்றும், 'டின்ட்ரக்' என்பதை 'யெஸ்' என்றும் வைப்பார்கள்.

முழுதாகச் செத்த பாதையைக் கையாள்வது எளிது. கேபிள் செருகும் எஸ்எஃப்பி மாட்யூல் பழுதாகி விட்டு விட்டு வேலை செய்யும் பாதைதான் உயிரை எடுக்கும். சோதனைக்குப் பதில் சொல்லும், உடனே உள்ளே சேர்க்கப்படும், உண்மையான சுமை வந்ததும் தடுமாறும், மறுபடி வெளியே போகும். லாக்கில் ஒரே பாதை மாறி மாறி வருவதும் போவதுமாக இருந்தால் அதை நீங்களே 'மல்டிபாத்டி ஃபெயில் பாத்' கொடுத்து விலக்கிவிட்டுக் கேபிளையும் போர்ட்டையும் பாருங்கள். இதைத் தானாகச் செய்ய 'மார்ஜினல்_பாத்' என்று தொடங்கும் அமைப்புகளும் உண்டு.

ஸ்டோரேஜில் லன்னைப் பெரிதாக்கியாச்சு. சர்வரில் பழைய அளவே தெரிகிறது.

கீழிருந்து மேலே ஒவ்வொரு அடுக்காகச் சொல்லிக்கொண்டு வர வேண்டும். முதலில் அந்த லன்னின் எல்லா எஸ்டி பாதைகளிலும் ரீஸ்கேன்: '/சிஸ்/பிளாக்' அடைவின் கீழ் ஒவ்வொன்றின் 'டிவைஸ்/ரீஸ்கேன்' கோப்பிலும் 1 எழுத வேண்டும். அப்புறம் 'மல்டிபாத்டி ரீசைஸ் மேப்'. அப்புறம் 'பிவிரீசைஸ்'. கடைசியாக 'எல்விஎக்ஸ்டெண்ட் -ஆர்'. அந்த 'ஆர்' ஃபைல் சிஸ்டத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். எதையும் நிறுத்தத் தேவையில்லை.

பெரும்பாலும் இடறும் இடம் முதல் படிதான். நான்கு பாதையில் மூன்றை மட்டும் ரீஸ்கேன் செய்துவிட்டு, நான்காவது பழைய அளவில் இருக்க, ரீசைஸ் ஏன் நடக்கவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஏஐஎக்ஸில் சுருக்கமாக முடியும்: 'சிஎச்விஜி -ஜி' கொடுத்தால் வால்யூம் குரூப்பில் உள்ள டிஸ்க்குகளின் அளவு மாறியிருக்கிறதா என்று பார்த்து எடுத்துக்கொள்ளும், பிறகு 'சிஎச்எஃப்எஸ்'. எச்பி-யுஎக்ஸில் 'விஜிமாடிஃபை'.

சிறிதாக்குவது பற்றிக் கேட்கிறீர்களா? எக்ஸ்எஃப்எஸ்ஸைப் பொறுத்தவரை முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஈஎக்ஸ்டி4-ஐ அன்மவுண்ட் செய்துவிட்டுக் குறைக்கலாம். லன்னையே குறைக்கும் யோசனையை மறந்துவிடுங்கள். சிறிய புதிய லன் வாங்கி டேட்டாவை மாற்றிவிடுவதே மேல்.

லன்னைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஸ்டோரேஜ் குழுவிடம் எடுத்துவிடச் சொன்னால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்திலேயே நிதானமாகப் படிக்க வேண்டிய பதில் இதுதான்.

சேர்க்கும்போது கீழிருந்து மேலே, எடுக்கும்போது மேலிருந்து கீழே. முதலில் அப்ளிகேஷனை நிறுத்தி, அன்மவுண்ட் செய்து, எஃப்எஸ்டாப் கோப்பிலிருந்து வரியை நீக்குங்கள். வால்யூம் குரூப் முழுவதும் போகிறது என்றால் அதைச் செயலிழக்கச் செய்து நீக்குங்கள். பல டிஸ்க்கில் ஒன்று மட்டும் போகிறது என்றால் 'பிவிமூவ்' செய்து காலியாக்கி, 'விஜிரெட்யூஸ்', 'பிவிரிமூவ்'.

இப்போது அவசரப்படாமல் 'மல்டிபாத் -எல்எல்' வெளியீட்டை ஒரு கோப்பில் சேமியுங்கள். அடுத்த படியில் மேப் போய்விடும். அதன் பிறகு எந்த எஸ்டி பெயர்கள் அந்த லன்னுக்கு உரியவை என்று கண்டுபிடிப்பது தலைவலி.

பிறகு 'மல்டிபாத் -எஃப்' கொடுத்து மேப்பை நீக்குங்கள். 'மேப் இன் யூஸ்' என்று மறுத்தால் யாரோ பிடித்திருக்கிறார்கள். 'டிஎம்செட்அப் எல்எஸ் --ட்ரீ' காட்டிக்கொடுக்கும். மெய்நிகர் சர்வர்களுக்கு லன்னை அப்படியே கொடுக்கும் இடங்களில், உள்ளே இருக்கும் கெஸ்ட்டின் வால்யூம் குரூப்பை வெளியே இருக்கும் ஹோஸ்ட் தானாகவே ஆக்டிவேட் செய்து வைத்திருப்பது அடிக்கடி நடக்கும்.

மேப் போன பிறகு ஒவ்வொரு எஸ்டி சாதனத்தையும் 'பிளாக்டெவ் --ஃப்ளஷ்பஃப்ஸ்' செய்து, அதன் 'டிவைஸ்/டிலீட்' கோப்பில் 1 எழுதுங்கள். 'மல்டிபாத் -டபிள்யூ' கொடுத்து டபிள்யூடபிள்யூஐடியைப் பதிவிலிருந்தும் நீக்கிவிடலாம். அதன் பிறகுதான் ஸ்டோரேஜ் குழுவுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் அன்மேப் செய்து முடிக்கும் வரை அந்தச் சர்வரில் ரீஸ்கேன் ஓட்டாதீர்கள். ஓட்டினால் நீக்கியதெல்லாம் திரும்பி வந்துவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? ஸ்டோரேஜ் பக்கம் முதலில் எடுத்துவிட்டால் செத்த பாதைகள் சர்வரில் தங்கிவிடும். 'க்யூ' அமைப்பு இருந்தால் ஒவ்வொரு எல்விஎம் கட்டளையும் அந்தப் பேய் டிஸ்க்கைத் தொட்டுத் தொங்கும். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அதே லன் எண்ணில் வேறொரு புதிய லன்னை அவர்கள் மேப் செய்தால், சர்வர் இன்னும் பழைய டிஸ்க் என்று நினைத்துக்கொண்டிருக்கும் எஸ்டி பெயருக்குப் பின்னால் புதிய டிஸ்க் வந்து உட்காரும். அங்கே எழுதப்படும் எதுவும் வேறொருவரின் டேட்டா மேல் விழும்.

ஏஐஎக்ஸில் வரிசை அதேதான், கட்டளைகள் குறைவு: 'ரெட்யூஸ்விஜி', பிறகு 'ஆர்எம்டெவ் -டிஎல்' கொடுத்தால் எச்டிஸ்க்கும் அதன் பாதைகளும் ஓடிஎம் என்ற சாதனப் பதிவேட்டிலிருந்து சேர்ந்தே போகும்.

மல்டிபாத் டிஸ்க்கில் பார்ட்டிஷன் போட்டு எல்விஎம் அமைக்கலாமா, முழு டிஸ்க்கையும் கொடுக்கலாமா?

முழு டிஸ்க்கையும் கொடுங்கள். பார்ட்டிஷன் இருந்தால் பெரிதாக்கும்போது ஒரு அடுக்கு கூடும். பார்ட்டிஷன் டேபிள் இல்லாத டிஸ்க்கைப் பார்த்து யாராவது காலி என்று நினைத்து ஃபார்மாட் செய்துவிடுவார்கள் என்பது எதிர்வாதம். நியாயமான கவலைதான், அலையஸ் பெயரில் அதன் பயன்பாட்டைச் சேர்த்து எழுதினால் பாதி தீரும். பூட் டிஸ்க்குக்குப் பார்ட்டிஷன் தவிர்க்க முடியாது.

பழைய ஸ்டோரேஜிலிருந்து புதியதற்கு, ஓடிக்கொண்டே மாற முடியுமா?

முடியும். எல்விஎம் கையில் இருப்பதன் பெரிய லாபமே இதுதான். புதிய லன்களைக் காட்டி, பாதைகளை எண்ணி, 'விஜிஎக்ஸ்டெண்ட்' செய்து, 'பிவிமூவ்' ஓட்டி, பழையதை 'விஜிரெட்யூஸ்' செய்துவிடலாம். நடுவில் சர்வர் விழுந்தாலும் 'பிவிமூவ்' என்று வெறுமனே கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்; வேண்டாம் என்றால் '--அபார்ட்' உண்டு.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பிவிமூவ் ஓடும் நேரத்தில் வால்யூம் குரூப் பழைய, புதிய இரண்டு ஸ்டோரேஜையும் நம்பியிருக்கும்; எது விழுந்தாலும் பாதிப்பு. அதனால் மெதுவாக ஒரு வாரம் இழுப்பது பாதுகாப்பு அல்ல. இரண்டு, தொடங்கும் முன் 'விஜிசிஎஃப்ஜிபேக்அப்' எடுங்கள், ஆனால் அதை டேட்டா பேக்அப் என்று நினைத்துவிடாதீர்கள். எந்தத் துண்டு எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்ற வரைபடம் மட்டும்தான் அதில் இருக்கும்.

ஏஐஎக்ஸில் 'மைக்ரேட்பிவி' உண்டு. ஆனாலும் 'மிரர்விஜி' செய்து ஒத்திசைந்த பிறகு 'அன்மிரர்விஜி' செய்வதையே நான் தேர்ந்தெடுப்பேன். கடைசி நிமிடம் வரை இரண்டு பக்கமும் முழுப் பிரதி இருக்கும், மனசு மாறினால் திரும்பலாம்.

ஸ்டோரேஜில் எடுத்த க்ளோனை அதே சர்வரில் மவுண்ட் செய்ய முடியவில்லை.

க்ளோன் என்றால் பைட்டுக்குப் பைட் அதே நகல். டபிள்யூடபிள்யூஐடி வேறாக இருக்கும், அதனால் மல்டிபாத்துக்குக் குழப்பமில்லை. ஆனால் உள்ளே எழுதியிருக்கும் பிவி யுயுஐடி, வால்யூம் குரூப் பெயர் எல்லாம் அசலுக்கு உரியவை. இங்கே வரும் டூப்ளிகேட் எச்சரிக்கை உண்மையிலேயே இரண்டு வெவ்வேறு டிஸ்க் பற்றியது.

லினக்ஸில் 'விஜிஇம்போர்ட்க்ளோன்', ஏஐஎக்ஸில் 'ரீகிரியேட்விஜி', எச்பி-யுஎக்ஸில் 'விஜிசிஎச்ஜிஐடி' செய்துவிட்டு 'விஜிஇம்போர்ட்'. எந்த இடமானாலும் அந்த வால்யூம் குரூப்பின் எல்லா டிஸ்க்குகளையும் ஒரே கட்டளையில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் இன்னொரு தடை: ஃபைல் சிஸ்டத்துக்கும் தனி யுயுஐடி உண்டு, அசல் மவுண்ட் ஆகியிருக்கும்போது நகலை ஏற்காது. 'நோயுயுஐடி' என்ற விருப்பத்தோடு மவுண்ட் செய்யுங்கள்.

ஏஐஎக்ஸில் கேபிளை மாற்றிய பிறகும் 'எல்எஸ்பாத்' ஃபெயில்ட் என்றே காட்டுகிறது.

'எச்செக்_இன்டர்வல்' 0 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். 0 என்றால் போன பாதையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விர்ச்சுவல் ஸ்கஸி டிஸ்க்குகளில் இயல்பாகவே 0 தான். இப்போதைக்கு 'சிஎச்பாத்' கொடுத்துப் பாதையை எனேபிள் செய்யலாம். நிலையாக வேண்டுமானால் 60 போன்ற ஒரு மதிப்பு வையுங்கள். டிஸ்க் பயன்பாட்டில் இருந்தால் 'சிஎச்டெவ் -பி' கொடுத்து, அடுத்த ரீபூட்டில் நடைமுறைக்கு வரும்படி செய்யலாம். 'மிஸ்ஸிங்' என்று காட்டும் பாதைகள் வேறு கதை: போர்ட்டோ ஜோனோ மாறி, இனி வரவே வராதவை. அவற்றை 'ஆர்எம்பாத் -டி' கொடுத்துத் துடைத்துவிடுங்கள்.

இரண்டு விஐஓ சர்வர் (ஏஐஎக்ஸ் மெய்நிகர் சர்வர்களுக்கு டிஸ்க்கைக் கொடுப்பது) வழியாக ஒரே லன்னைக் கொடுத்தோம். ஒன்றில் மட்டும்தான் திறக்கிறது.

'ரிசர்வ்_பாலிசி'. 'சிங்கிள்_பாத்' என்று இருந்தால் முதலில் திறந்தவர் பூட்டிக்கொள்வார். இரண்டு விஐஓ சர்வரிலும் மேப்பிங் செய்யும் முன்பே 'நோ_ரிசர்வ்' என்று மாற்றுங்கள். பூட்டு போன பிறகு ஒரே நேரத்தில் இருவர் எழுதாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு, அல்லது கிளஸ்டர் மென்பொருளின் பொறுப்பு.

எச்பி-யுஎக்ஸில் மல்டிபாத் எங்கே அமைப்பது?

2007-இல் வந்த 11ஐ வி3-க்கு முன்னும் பின்னும் கதை வேறு. முன்பு எல்விஎம்மே அதைச் செய்தது: ஒரே லன்னின் இரண்டாவது பெயரையும் 'விஜிஎக்ஸ்டெண்ட்' செய்தால் அதை மாற்றுப் பாதையாக எடுத்துக்கொள்ளும், 'விஜிடிஸ்ப்ளே -வி' வெளியீட்டில் 'ஆல்டர்னேட் லிங்க்' என்று காட்டும். அது போன பாதைக்கு மாற்று மட்டுமே, சுமையைப் பகிராது. வி3-இல் கெர்னலே மல்டிபாத் செய்கிறது, ஒவ்வொரு லன்னுக்கும் '/டெவ்/டிஸ்க்' அடைவில் மாறாத ஒரே பெயர். பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் உள்ள உறவை 'ஐஓஸ்கேன் -எம் டிஎஸ்எஃப்' காட்டும்.

பழைய வால்யூம் குரூப்களில் ஒரு மறைந்த வரம்பு இருக்கிறது. 1.0 வகை வால்யூம் குரூப்பில் ஒரு டிஸ்க்குக்கு எத்தனை எக்ஸ்டெண்ட் (எல்விஎம் இடத்தைப் பிரிக்கும் துண்டு) என்ற உச்சவரம்பு உருவாக்கும்போதே முடிவாகிவிடும், இயல்பாக 1016. சிறிய டிஸ்க்கில் தொடங்கிய குரூப்பில் பின்னாளில் பெரிய லன்னைச் சேர்த்தால், வரம்புக்கு மேல் உள்ள இடம் வீண். ஏஐஎக்ஸின் சாதாரண வால்யூம் குரூப்பிலும் இதே 1016 தலைகாட்டும், அதோடு 32 டிஸ்க் வரம்பும். புதிதாக உருவாக்குபவர்கள் 1024 டிஸ்க் வரை ஏற்கும் ஸ்கேலபிள் வகையையே எடுங்கள்; பின்னால் அந்த வகைக்கு மாற்றக் குரூப்பை வேரிஆஃப் செய்ய, அதாவது செயலிழக்கச் செய்ய, வேண்டியிருக்கும்.

ஒரு பிவியைக் காணோம் என்கிறது எல்விஎம். 'விஜிரெட்யூஸ் --ரிமூவ்மிஸ்ஸிங்' கொடுக்கலாமா?

இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பது அந்தக் கட்டளைதான், கடைசியாகக் கொடுக்க வேண்டியதும் அதுதான். டிஸ்க் உண்மையிலேயே இல்லையா, அல்லது இந்தச் சர்வருக்குத் தெரியவில்லையா என்று முதலில் பாருங்கள். ஜோனிங், பிளாக்லிஸ்ட், ஃபில்டர், டிவைஸஸ் கோப்பு, நான்கில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். டிஸ்க் திரும்பி வந்தும் 'மிஸ்ஸிங்' குறி போகாவிட்டால் 'விஜிஎக்ஸ்டெண்ட் --ரிஸ்டோர்மிஸ்ஸிங்' உண்டு. தலைப்பு மட்டும் அழிந்திருந்தால் '/ஈடிசி/எல்விஎம்/ஆர்கைவ்' அடைவில் உள்ள பழைய வரைபடத்திலிருந்து, அதே யுயுஐடியோடு 'பிவிகிரியேட்' செய்து, 'விஜிசிஎஃப்ஜிரிஸ்டோர்' ஓட்டி மீட்கலாம்.

ஃபெயில்ஓவர் வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

சுமை ஓடும்போது சுவிட்சில் ஒரு போர்ட்டை நிறுத்துங்கள். அப்ளிகேஷன் எவ்வளவு நேரம் தயங்குகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். திரும்ப இயக்கிப் பாதைகளின் எண்ணிக்கை பழைய நிலைக்கு வருகிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது பகுதியைப் பலர் செய்வதில்லை. பிறகு மறுபக்கத்து ஃபேப்ரிக்கிலும் (சான் சுவிட்ச் வலை) அதே சோதனை. ஸ்டோரேஜில் ஒரு கன்ட்ரோலரை ரீபூட் செய்ய அனுமதி கிடைத்தால் அதுவே சிறந்த சோதனை, ஆலுவா குழு மாற்றம் அப்போதுதான் வெளிப்படும். சான் பூட் சர்வர் என்றால் ஒரு பக்கம் நிறுத்தி வைத்துவிட்டு ரீபூட்டும் செய்து பாருங்கள். ஏஐஎக்ஸில் 'பூட்லிஸ்ட்' ஒரே ஒரு பாதையை மட்டும் வைத்திருந்தால் அங்கே மாட்டும்.

என்விஎம்இ (ஸ்கஸிக்குப் பதிலாக ஃபிளாஷ் டிஸ்க்குகளுக்கு வந்த முறை) வந்த பிறகு இதெல்லாம் தேவையா?

எல்விஎம் அப்படியே இருக்கும். மல்டிபாத் மட்டும் இடம் மாறுகிறது. லினக்ஸ் 4.15 கெர்னல் முதல் என்விஎம்இக்குத் தனி மல்டிபாத் உள்ளேயே இருக்கிறது. ஆலுவாவின் வேலையை ஏஎன்ஏ செய்கிறது. அது இயங்கினால் எல்லாப் பாதையும் சேர்ந்து ஒரே சாதனமாகவே தெரியும், 'மல்டிபாத்.கான்ஃப்' அமைப்புகளுக்கு அங்கே பொருளில்லை. பாதைகளை எண்ண 'என்விஎம்இ லிஸ்ட்-சப்சிஸ்' கட்டளையைப் பயன்படுத்துங்கள். கண்காணிப்பு ஸ்கிரிப்ட் 'மல்டிபாத் -எல்எல்' வெளியீட்டை மட்டும் படிப்பதாக இருந்தால், என்விஎம்இ பாதைகள் விழுந்தாலும் அதற்குத் தெரியாது. அதையும் சேர்த்து மாற்றி எழுதிவிடுங்கள்.